இரண்டாவது சிடியில் நீ இல்லை

இன்று சாயங்காலம் மழையோடு மழையாகக் கரண்ட் போனது. மெழுகுவர்த்திக்காக இழுப்பறையைத் துழாவினேன். கையில் சிக்கியது நீ அனுப்பிய சிடிப் பெட்டி. மூடி உடைந்த அதே பெட்டி. பாழாய்ப்போனவளே, உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் எழுதுகிறேன்.

லாஸ்பேட்டையில் உங்கள் மாடி அறை. பிரான்சிலிருந்து உன் அண்ணன் கொண்டுவந்த கேசட்டில்தான் அந்தக் கோதிக் குழு நமக்குப் பழக்கமானது. கண்ணைச் சுற்றி மை அப்பிக்கொண்டு, மாதா கோயில் ஆர்கனும் கிட்டாருமாகக் கல்லறையையும் காதலையும் பாடுகிற கூட்டம். காலேஜ் விட்டு வந்ததும் கறுப்புத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஆட ஆரம்பித்துவிடுவோம். கீழேயிருந்து உன் அம்மா, "மோன் தியே! ஜெபம் சொல்ற நேரத்துல பேய்ப் பாட்டாடி போடுவீங்க?" என்று பிரெஞ்சில் ஆண்டவரையும் கூப்பிட்டுக் கத்துவார்.

பாதிப் பாட்டில் கரண்ட் போகும். உடனே நீ மாடிப்படியில் நின்று, "யம்மா! கரண்டு போச்சு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூவுவாய். ஏதோ உன் அம்மாதான் கரண்ட் ஆபீஸ் நடத்துகிற மாதிரி. சற்று முன் திட்டிய அதே வாய் பதில் சொல்லும்: "இரு கண்ணு, மெழுகுவத்தி எடுத்தாரேன்."

படிப்பு முடிந்ததும் பிரான்சில் உன் அண்ணனோடு தங்கப் போனாய். ஒரு நாள் போனில் மூச்சு வாங்கச் சொன்னாய். "அவங்க கச்சேரிக்குப் போயிருந்தேன்டி. ஒரு பாட்டு முடிஞ்சதும் பட்டுனு எல்லா லைட்டையும் அணைச்சிட்டாங்க. என்னை அறியாம, 'யம்மா! கரண்டு போச்சு!'ன்னு கத்திட்டேன். ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கல."

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாய். கடைசியில் சிரிப்பில்லை. "வந்துடேன்டி" என்றேன். "வந்து?" என்று கேட்டாய்.

அடுத்த வருஷம் அந்தக் குழு அதுவரை வெளிவராத பாட்டுகள், மேடைப் பதிவுகள், ரீமிக்ஸ் எல்லாவற்றையும் திரட்டி இரண்டு சிடிகளாகப் போட்டது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்த உறவுக்காரர் கையில் கொடுத்தனுப்பினாய். "மொத சிடியில கடைசிப் பாட்டு முடியிற எடத்துல கேளு. அன்னிக்கு நான் போன கச்சேரிதான், நான்தான்டி அது!" என்று போனில் சொன்னாய். கேட்டேன். ஆயிரம் பேர் இரைச்சல் அடங்குகிற இடத்தில், மெலிசாக, நீயேதான். வீட்டில் தனியாகக் குதித்தேன்.

மழைக்காலம் வருவதற்குள் நீ போய்விட்டாய். மூளைக்காய்ச்சல் என்றான் உன் அண்ணன். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இங்கே உன் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உனக்காக வைத்த மாதப் பூசை அன்று அவரைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் புள்ள கொரலு உங்கிட்ட இருக்குதாமே? ஒரு தரம் கேக்க வையேன்."

அந்தக் கூச்சலில் தெரியாமல் போய்விட்டால்? இது என் பெண்ணே இல்லை என்று சொல்லிவிட்டால்? மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். பதற்றத்தில் இரண்டாவது சிடியைப் போட்டுத் தொலைத்தேன். பாட்டு அதே பாட்டுதான், ஆனால் ரீமிக்ஸ். எந்த மகராசன் செய்தானோ, ஜனக் கூச்சலை எல்லாம் வழித்து எறிந்துவிட்டு டிரம்ஸை ஏற்றி வைத்திருந்தான். ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தபடி, தனக்குப் பிடிக்காத அந்தப் பாட்டைக் கடைசி வரை பொறுத்துக்கொண்டார் உன் அம்மா. பாட்டு நின்றது. ஒன்றுமில்லை.

"எங்கடி?" என்றார். அந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சிடியை வெளியே எடுத்துப் பார்த்தேன்.

அப்புறம்தான் தப்பு புரிந்தது. சிடியை மாற்றினேன். பாட்டு முடிந்தது. கூச்சல் எழுந்து அடங்கியது. "யம்மா! கரண்டு போச்சு!"

"இரு கண்ணு, எடுத்தாரேன்" என்று கட்டிலில் கையை ஊன்றி எழப் பார்த்தார் உன் அம்மா. இடுப்பு விடவில்லை. அப்படியே சரிந்து தலையணையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைக் கேட்டார்: "அங்க யாரும் எடுத்தாந்து குடுக்கலியா?"

"உடனே லைட்டு வந்துடுச்சும்மா" என்றேன். வேறென்ன சொல்வேன்?

உன் அம்மா இப்போது ஊன்றுகோலோடு நடமாடுகிறார். போகும்போதெல்லாம் சிடியை எடுத்துப் போகிறேன். பேய்ப் பாட்டு என்று அவர் சொல்வதில்லை. அந்தக் கேள்வியையும் மறுபடி கேட்கவில்லை. அது என்னிடமே தங்கிவிட்டது.

இன்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தபோது, மூலக்குளத்து எங்கள் தெருவில் ஏதோ ஒரு குழந்தை கத்தியது: "யம்மா, கரண்டு போச்சு!" நான் இழுப்பறையை மறுபடி துழாவி எடுத்த மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, மழைக்காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு எழுந்து ஓடினேன். யாருக்கு எடுத்துப் போகிறேன் என்று வாசலுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.