விற்றதில் தப்பில்லை, அண்ணா

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், நீ சிரிப்பாய். அதனால்தான் கடிதம்.

நேற்று அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போன மருந்துக்கடையில், திரையில், மருந்து இருப்பைக் கணக்கு வைக்க நான் எழுதிய ஸ்டாக் மென்பொருள். மேலே உன் கம்ப்யூட்டர் கடைப் பெயர்! யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று நான் இணையத்தில் திறந்து வைத்தது அது. முகம் தெரியாத எத்தனையோ பேர் திருத்தி வளர்த்தது. அவர்கள் பெயர்களை அழித்து, யாரும் உள்ளே தொடமுடியாதபடி பூட்டி விற்றிருக்கிறாய். யார் வீட்டுச் சொத்து என்று நினைத்தாய்?

பாப்பா

மார்ச் 9

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மாவுக்கு மாத்திரை கிடைத்ததா? அதை எழுதவில்லையே.

ஊருக்கே சும்மா கொடுத்தாய். ஊரில் நானும் ஒருவன்தானே? "எல்லா இடத்துலயும் இதுதான் ஓடுதாமே, எங்களுக்கும் போட்டுக் குடுங்க" என்று கடைக்காரர்கள்தான் வந்து கேட்கிறார்கள். பூட்டாமல் கொடுத்தால் பக்கத்துக் கடைக்காரன் நகல் எடுத்துக்கொள்வான். நான் உட்கார்ந்து ஈ ஓட்டவா? நான் பத்தாவதோடு நின்றதால்தான் நம் வீட்டில் ஒரு பட்டதாரி. அவள் எனக்கே பாடம் எடுக்கிறாள். நடக்கட்டும்.

அண்ணன்

மார்ச் 14

அண்ணா,

நீ நின்றதால்தான் படித்தேன். அதைச் சொல்லி என் வாயை அடைக்காதே.

விற்றதில் தப்பில்லை. பூட்டியதுதான் தப்பு. காலாவதி தேதி காட்டுவதில் ஒரு பிழை இருந்தது. எங்கோ ஒரு மருந்தாளர் கண்டுபிடித்துத் திருத்தி, எல்லோருக்கும் பொதுவில் கொடுத்தார். நீ பூட்டியதில் அந்தத் திருத்தம் ஏறாதே என்ற பயத்தில் நேற்று மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். காலாவதியான குழந்தை சிரப்பை, விற்கலாம் என்று திரை பச்சையாகக் காட்டியது. ஒரு பெண் அதைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, அதை வைங்க!" என்று கத்திவிட்டேன். வகுப்பில் கைகூடத் தூக்காதவள் நான்.

"உங்க அண்ணன் போட்டதுதானேம்மா?" என்றார் கடைக்கார அம்மா.

"ஆமா. அதான் நானே எடுக்க வந்திருக்கேன்."

பூட்டில்லாததைப் போட்டுக் கொடுத்தேன். நீ விற்ற மற்ற கடைகள் எவை என்றும் அவரிடமே கேட்டுக்கொண்டேன். இன்று அங்கெல்லாம் போகிறேன்.

பாப்பா

மார்ச் 20

பட்டதாரி அம்மையாருக்கு,

சிரப் விஷயம் சத்தியமாக எனக்குத் தெரியாது. என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம். இப்போது கடைவீதியே என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வருவேன். அந்த நேரத்தில் தாங்கள் வீட்டில் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் கடைக்காரன்