ஏழு மணிக்குச் செத்துப்போகும் லைன்

கோல சிலாங்கூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் செலீனாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் நலம், நீயும் மருமகனும் குழந்தையும் அயர்லாந்துக் குளிரில் சுகமாயிருக்க வேண்டுகிறோம். நலம் என்று எழுதினாலும் மூன்று வாரமாய் எனக்கு ரத்தக்கொதிப்புதான், எல்லாம் இந்தப் பாழாய்ப்போன பிராட்பேண்டால். கைப்பேசியில் அடித்தால் நீ எடுப்பதில்லை, அனுப்பிய செய்தியையும் திறப்பதில்லை, அதனால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். கோபித்துக்கொண்டாவது கடைசிவரை படி.

நீ கோவிலில் கல்யாணம் முடிக்காமல் பதிவு மட்டும் செய்துகொண்டதிலிருந்து ஒன்றரை வருடம் உன்னோடு பேசாத அம்மா, பிள்ளையைப் பார்க்கிறேன் என்று இறங்கி வந்ததே பெரிய காரியம். அதற்காகத்தான் உன் தம்பி அட்ரியனின் அறையில் தூங்கிக் கிடந்த கம்ப்யூட்டருக்கு இணைப்பு வாங்கினேன். குழந்தை விழித்திருக்கும் நேரம் என்று நீ சொன்ன ஏழு மணிக்கு அங்கே போய் உட்காருவேன், உன் நெற்றி தெரியும், அப்பா என்பாய், அதோடு லைன் செத்துப்போகும். ஆறு நாள் இதே கூத்து. நிறுவனத்துக்குப் போன் போட்டால் அரை மணி நேரம் பாட்டு, பிறகு மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்று உபதேசம். ஜெராமிலிருந்து மெக்கானிக் ஜீவன் மூன்று தடவை வந்தான், மூன்று தடவையும் காலை பத்து மணிக்கு. "லைன் ஓகேலா அங்கிள், நீங்கதான் எங்கயோ தப்பா அமுக்குறீங்க" என்று பழியை என் தலையில் போட்டான். முப்பது வருடம் எஸ்டேட் ஆபீசில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு பட்டன் அமுக்கத் தெரியாதாம். அந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் உன் செய்தி வந்தது, அம்மாதான் ஒயரைப் பிடுங்குகிறாள், இனிமேல் கூப்பிட மாட்டேன் என்று. உன் அம்மா பிடிவாதக்காரிதான், வஞ்சகி இல்லை என்று பதில் போட்டேன், அதைத்தான் நீ இன்னும் திறக்கவில்லை.

நாலாவது தடவை, வந்தால் ஏழு மணிக்கு வா, இல்லாவிட்டால் வராதே என்று ஜீவனிடம் சத்தம் போட்டேன். வந்தான். ஏழு அடித்தது, லைன் செத்தது, மோடம் இருக்கிற ஹாலுக்குப் போனவன் என்னைக் கூப்பிட்டான். திருஇருதயப் படத்துக்குக் கீழே இருக்கிற ஒரே பிளக்கில் மோடத்தைப் பிடுங்கிவிட்டு படத்துக்கு ஏற்றும் சிவப்பு மின்விளக்கைச் சொருகி, அம்மா முழந்தாளிட்டிருந்தாள். மோடத்தை ஏன் பிடுங்கினாய் என்றேன். அவளோ நிதானமாய், "பகலெல்லாம் சார்ஜ் ஏறின பெட்டிதானே, அரமணி நேரம் தாங்காதா?" என்கிறாள். கைப்பேசி மாதிரி நினைத்திருக்கிறாள்! மகள் கூப்பிடும் நேரத்தில் என்னடி செபமாலை என்று கத்தினேன். "அவ முகத்தப் பாத்ததும் பழசக் கிளறி ஏதாச்சும் சொல்லிருவேனோன்னு பயமா இருக்குங்க. அதான் சாமிகிட்ட சொல்லிட்டு வந்து உக்காரலாம்னு" என்றாள்.

ஆக, ஒயரைப் பிடுங்கியது அம்மாதான், நீ சொன்னது பொய்யில்லை. எதற்கு என்பதை எழுதிவிட்டேன். ஜீவன் எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு எட்டு நாளாகிறது, லைன் ஒரு நிமிடம்கூட அறுந்ததில்லை. குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் மூவரையும் ஆண்டவர் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கே ஏழு மணி என்றால் அங்கே பகல் பன்னிரண்டு, மறக்காதே. இப்போது ஆறரைக்கே செபமாலையை முடித்து, தலை வாரிக்கொண்டு அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள். நீ எழுதியதை நான் அவளிடம் சொல்லவில்லை. எட்டு மணிக்கு, லைன் இன்னும் சரியாகவில்லை போல என்று அவளாகவே சொல்லிக்கொண்டு எழுந்து போகிறாள்.

கோபமும் பாசமும் குறையாத அப்பா,
பெர்னாட்