எங்கப்பா கடைச் சத்தம்தான்

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டிப்பயலும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், குளிக்கிறோம், வாசல் கதவைத் திறந்து மூடுகிறோம். இப்போதைக்கு இந்த வீட்டில் சௌக்கியம் என்றால் அவ்வளவுதான், அதற்கு மேல் கேட்காதே. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போனில் சொல்லக் கூடாதா என்று நீ சிரிப்பாய். போனில் நீ எங்கே என்னைப் பேச விடுகிறாய்? நான் வாயைத் திறப்பதற்குள் 'கடைய மூடுங்க, தங்கச்சிய இங்க அனுப்புங்க' என்று ஆரம்பித்துவிடுகிறாய், நான் கத்துகிறேன், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவள் அத்தனையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதை எழுதச் சொன்னதே அவள்தான். அண்ணனுக்கு எல்லாம் தெரியட்டும்ப்பா, எனக்குச் சொல்ல வராது, நீங்க எழுதுங்க என்றாள். அதனால் நடுவில் கோபம் வந்தாலும் கீழே வைக்காமல் கடைசி வரை படி.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தைத் தனக்குத் தடவிக்கொள்ளாமல் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தடவிக்கொண்டிருக்கிறாள். தெரு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். எதிரே அந்த சூப்பர் மார்க்கெட்டை இன்னும் திறக்கவில்லை, கண்ணாடியும் தரையும் புதிதாகப் போட்டுவிட்டார்கள், ஆனாலும் மூடிய கதவுக்கு முன்னால் யாராவது பூ வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். செத்துப்போனவர்களில் நான்கு பேர் நம் தெருக்காரர்கள். சுட்டவன் பெயரை இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை, நானும் எழுதப்போவதில்லை. இப்போது தெருவில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது, சத்தம் வரும் வேலை எதுவானாலும் முதலில் குரல் கொடுக்க வேண்டும். ஷட்டர் போடறேன், பெட்டி இறக்கறோம், கதவு காத்துல அடிக்கும் பாத்துக்குங்க, இப்படி நாள் முழுக்க அறிவிப்புதான். பக்கத்து சலூன்காரன், எதற்கெடுத்தாலும் முன்கூட்டியே பலன் சொல்கிறான் என்று நாம் வானிலை என்று பெயர் வைத்தோமே, அவன் தும்மலுக்குக்கூட அறிவிப்புக் கொடுக்கிறான். ஒருநாள் வருது வருது என்று கத்திவிட்டுக் கத்தரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், தும்மல் வரவே இல்லை. பாதி முடி வெட்டிய நிலையில் நாற்காலியில் இருந்த மனுஷன் உன் பலன் என்னைக்குத்தான் பலிச்சுது என்று சிரித்துவிட்டார். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு இந்தத் தெருவில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஆனால் மற்றவர்கள் தொழிலில் சத்தம் எப்போதாவது வரும், என் தொழிலே சத்தம். கம்ப்ரசர் உறுமும், இரும்பு அடிபடும், எல்லாவற்றுக்கும் மேல் காற்று ஏற ஏற டயரின் ஓரம் ரிம்மில் ஏறி உட்காரும்போது டப்பென்று ஒரு வெடி வெடிக்குமே, உனக்குத் தெரியாததா, அந்தச் சத்தத்தில் தூங்கி எழுந்து வளர்ந்தவன்தானே நீ. சோப்புத் தண்ணீரை எவ்வளவு தடவினாலும் கொஞ்சம் குறையுமே தவிரப் போகாது. புருஷனைப் பறிகொடுத்த பேக்கரிக்காரம்மா ஒருநாள் கடை வாசலில் வந்து நின்று, அண்ணே, நீங்க தொழில் பண்ண வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல, ஆனா ஒவ்வொரு தடவையும் அவரு மறுபடி சாகறாரு என்றார். அன்றோடு அந்த வேலையைக் கடையில் நிறுத்திவிட்டேன். சக்கரங்களைக் கழற்றி வேனில் போட்டுக்கொண்டு ஊருக்கு வெளியே வெட்டவெளிக்குப் போய்த்தான் காற்றடிக்கிறேன். வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், போகட்டும்.

இப்போது உன் தங்கை விஷயம். அவள் ஏன் பேசமாட்டேன் என்கிறாள், பயத்தில்தான் என்று நீயும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோம். பயம் இல்லையப்பா அது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் நான் கையைக் கழுவிவிட்டு வரும்போது பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள், தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு சூப்பர் மார்க்கெட்டில் அவள் பில் போட்டுக்கொண்டிருந்த கவுன்ட்டரில் நம் தையற்காரம்மா நின்றிருக்கிறார், இவளுடைய யூனிஃபார்மைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தவர். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் டப் டப்பென்று கேட்டதும் அவர் திடுக்கிட்டுத் திரும்பியிருக்கிறார். அதற்கு இவள், ஒண்ணுமில்லக்கா, எங்கப்பா கடைச் சத்தம்தான் என்று சொல்லியிருக்கிறாள். அவரும் நம்பி அங்கேயே நின்றுவிட்டார். அதற்குள் அவன் உள்ளே வந்துவிட்டான். பில் காகிதம் மாற்றக் கீழே குனிந்ததால் இவள் பிழைத்தாள். நான் சொல்லாம இருந்திருந்தா அக்கா ஓடியிருப்பாங்கப்பா, நான்தான் நிக்க வெச்சுக் கொன்னுட்டேன் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்த முதல் சத்தம் கேட்டபோது கையில் சக்கரத்தோடு நின்ற எனக்கே, நமக்குப் போட்டியாக எவன் கடை போட்டான் என்றுதான் தோன்றியது. பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று உன் அம்மா அடிக்கடி சொல்லுவாள், அப்பனுக்கும் வயிறு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. தையற்காரம்மாவின் வீட்டுக்காரர், நம் பக்கம் வரும் பேருந்தை ஓட்டுகிறாரே அவர், உயிரோடு வெளியே வந்த ஒவ்வொருவரையும் தேடித் தேடிப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். என் வீட்டுக்காரி கடைசியா யார்கிட்ட பேசினா? காவலாளியைக் கேட்டார், ஆம்புலன்ஸ்காரர்களைக் கேட்டார், காய் எடுத்துவைக்கும் பெண்களைக் கேட்டார். நம் வீட்டுக்கும் வந்தார். அம்மா வாசலிலேயே நின்று, பொண்ணு தூங்கறா என்று அனுப்பிவிட்டாள். மறுபடி வந்தார், மறுபடியும் தூங்கறா. உள்ளே இவள் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாள். அந்தச் சமயத்தில்தான் நீ டிக்கெட் எடுத்து அனுப்பினாய். அம்மா அன்றே பெட்டியை இறக்கித் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அவ வாயத் திறந்தா அந்த மனுஷன் நடுத்தெருவுல நின்னு என் பொண்டாட்டியக் கொன்னவ இவன்னு கத்துவாரு, அப்புறம் இவ எழுந்திருக்கவே மாட்டா, பேசாம அண்ணன்கிட்ட போகட்டும் என்றாள். உள்ளதைச் சொல்கிறேன், வெளியில் அவளோடு சண்டை போட்டாலும் உள்ளுக்குள் நானும் உங்கள் கட்சிதான். கடை வாசலைப் பேருந்து கடக்கும்போதெல்லாம் குனிந்து ஏதாவது நட்டைத் தேடுவதுபோல் பாசாங்கு செய்துகொண்டிருந்தேன்.

இந்த நேரம் பார்த்து ஆலோசகர் பெண் கடைக்கு வந்தாள். பாதிக்கப்பட்டவர்களை வாரம் ஒருமுறை கூட்டி உட்காரவைத்துப் பேசுகிறாள் என்று சொன்னேனே அவள்தான், பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் இருப்பாள், பிடிவாதத்தில் உன் அம்மாவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். ஐயா, அந்தச் சத்தத்த நீங்க திரும்பக் கொண்டுவரணும் என்றாள். உனக்கென்ன பைத்தியமாம்மா என்று நான் எகிறினேன். அவள் அசையவில்லை. எப்ப வருமோன்னு தெரியாத சத்தந்தான் இவங்கள ஆட்டிவைக்குது, தானா விரும்பி வந்து, எப்ப வரும்னு தெரிஞ்சு, தூரத்துல இருந்து கேட்கட்டும், முடியலன்னா எழுந்து போகட்டும் என்றாள். பேக்கரிக்காரம்மாவே சரி என்ற பிறகு நான் யார் மறுக்க? சனிக்கிழமை சாயங்காலம் தெருக்கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் சோப்புத் தண்ணீர் தடவி, காற்றைத் திறந்து, ஒண்ணு ரெண்டு மூணு என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். டப். ஒருத்தர் அழுதார், இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள், வானிலை காதைப் பொத்திக்கொண்டு இன்னும் வரலையா இன்னும் வரலையா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் நாற்காலிகள் கொஞ்சம் கிட்டே வந்தன. யாருக்கும் மாயமாய்க் குணமாகிவிடவில்லை. ஆனால் எழுந்து போனவர்களில் ஒருத்தர் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை நாற்காலிகள் கடைக்கு நேரெதிரே வந்துவிட்டன, முன்வரிசையில் அந்த ஓட்டுநர். நான் காற்றைத் திறந்துவிட்டு ஒண்ணு என்று சொல்ல வாயெடுக்கும்போது சின்னவள் வீட்டுக்குள்ளிருந்து வந்து கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கிறாள், பின்னாலேயே அம்மா அவள் கையைப் பிடித்து இழுக்கிறாள். அப்பா, காத்த நிறுத்துங்க என்றாள். நிறுத்தினேன். கையை உதறிக்கொண்டு தெருவைக் கடந்து நேராக அவர் முன்னால் போய் நின்று, அக்கா கடைசியாப் பேசினது என்கிட்டதான், நான் எங்கப்பா கடைச் சத்தம்னு சொல்லி நிக்க வெச்சுட்டேன் என்று அத்தனை பேர் கேட்கச் சொல்லிவிட்டாள். அவர் எழுந்தார், எழுந்த வேகத்தில் இரும்பு நாற்காலி மல்லாந்து விழுந்தது, யாரும் குரல் கொடுக்காமல் வந்த சத்தம், தெருவே அப்படியே உறைந்து நின்றது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் சின்னவள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடவில்லை. பேருந்து வந்தது, வேறு ஆள் ஓட்டிக்கொண்டு வந்தான். இதுக்குத்தான் நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் என்று அம்மா என்னைக் கரித்துக் கொட்டினாள். அவர் ஏதாவது செய்துகொண்டுவிட்டாரோ என்று எனக்கு வேறு பயம். ஆலோசகர் பெண் மட்டும் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இருக்காரு, கதவத் திறந்தாரு என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை பேருந்து நம் கடைக்கு நேரே வந்து நின்றது, நிறுத்தமே இல்லாத இடத்தில், உள்ளே ஆள் நிறைய. அவர்தான் இறங்கி வந்தார். நான் நெம்புகம்பியோடு குறுக்கே போய் நின்றேன், அடிப்பதற்கு இல்லை, கையில் இருந்தது அவ்வளவுதான். உங்க பொண்ணக் கூப்பிடுங்க, ஒண்ணே ஒண்ணு கேட்கணும் என்றார். கூப்பிடும் முன்னே அவளே வந்துவிட்டாள். நீ அப்படிச் சொன்னதும் அவ என்னம்மா பண்ணா என்று கேட்டார். சின்னவள் யோசித்தாள். இவ்வளவு நாளில் அவளை யாருமே கேட்காத கேள்வி அது, நானும் கேட்கவில்லை. சிரிச்சாங்க என்றாள். உங்கப்பாவா, நல்லா பயமுறுத்தினாரு போன்னு சிரிச்சுட்டு, சாயங்காலம் வந்து புதுச் சட்டைக்கு அளவு குடுத்துட்டுப் போடின்னு சொன்னாங்க என்றாள். அவர் முகத்தில் ஏதோ கழன்று விழுந்ததுபோல் இருந்தது. பயப்படலையா என்று கேட்டார். இல்லண்ணே, சிரிச்சுட்டுதான் இருந்தாங்க, அதுக்கப்புறம் எதுக்கும் நேரமே இல்ல என்றாள். பழைய டயர் அடுக்கின்மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். இடி இடிச்சா என் கையப் பிடிச்சுக்குவா, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாக்கூட என் சட்டையப் பிடிச்சுக்குவா, அவ்வளவு பயந்தாங்கொள்ளி, அந்த நேரம் பிடிச்சுக்கக் கை இல்லாம என்னமாப் பயந்திருப்பாளோன்னுதான் நான் தினம் தினம் செத்துக்கிட்டிருந்தேன், சிரிச்சாளா, இன்னொரு தடவ சொல்லும்மா என்றார். சொன்னாள். இன்னும் ஒரு தடவை என்றார். அதையும் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள், நான் சொல்லாம இருந்தா உயிரோட இருந்திருப்பாங்களே என்று கேட்டும்விட்டாள். அவர் பொய் சொல்லவில்லை. இருந்திருக்கலாம்மா, எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, ஆனா அவ சிரிச்சது உனக்குத் தெரியும், உலகத்துலயே உனக்கு மட்டுந்தான் தெரியும் என்றார். பேருந்தில் அத்தனை பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர்கூட நேரமாச்சு என்று குரல் கொடுக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் அவள் தட்டுப் போட்டுச் சாப்பிட்டாள், அதைப் பார்த்து உன் அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். தேறிவிட்டாள் என்று எழுதமாட்டேன், நீ உடனே ஊரெல்லாம் சொல்லிவிடுவாய். சில நாள் எழுந்து உட்காருகிறாள், சில நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். எதிர்க்கடை திறந்தால் வேலைக்குப் போவாளா என்பது அவளுக்கே தெரியாது, நானும் கேட்பதில்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு, உன்மேல் கோபம் இல்லை, உன் பாசம் எனக்குத் தெரியாதா. இப்போது அவளை அங்கே அனுப்பினால் அந்த மனுஷன் யாரிடம் போய்க் கேட்பார்? சனிக்கிழமைதோறும் வருகிறார், அவள் இருக்கும் நாளாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே மறுபடி சொல்லச் சொல்கிறார். அவளும் சலிக்காமல் சொல்கிறாள்.

நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், கூப்பிட்ட குரலுக்கு ஒருவருக்கொருவர் பக்கத்தில் இருந்து வாழ வேண்டும், அம்மாவும் அப்படியே சொல்லச் சொன்னாள். மருமகளைக் குளிரில் வெறுங்காலோடு நடக்க விடாதே, குட்டிப்பயலைப் போனையே பார்த்துக்கொண்டு சாப்பிட விடாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த முறை தங்கையிடம் பேசும்போது நடந்ததை மறந்துடு என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதே. அந்த அக்கா எப்படிச் சிரிச்சாங்க என்று கேள். சொல்லுவாள்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அப்பா