ஒரு தட்டு கூடுதல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ அந்த வெளிநாட்டுக் குளிரில் காதைக்கூட மூடாமல் திரிவாய் என்று அம்மாவுக்குத் தினமும் கவலை.

ஜூனில் விடுமுறைக்கு வருகிறாய் அல்லவா? அந்த வாரமே பெரிய அரங்கில் நம் பாட்டுக் குழுவுக்கு மேடை கிடைத்திருக்கிறது! சுவரொட்டியில் உன் பெயர்தான் முதலில். ராப் என்றால் என்னவென்றே தெரியாத எங்களுக்கு, கேசட் தேயத் தேய ஓடவிட்டுப் பழக்கியவள் நீதானே. சைக்கிள் கடைத் தடியன்தான் இப்போதும் டிரம் அடிக்கிறான். புதுப் பாட்டைக் கேசட்டில் பதிந்து அனுப்பியிருக்கிறேன். நடுவில் உன் பகுதியைக் காலியாக விட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு எழுது.

உன் தம்பி

மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

கேசட் கிடைத்தது. வேலை செய்யும் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டபடியே கேட்டேன். கோபித்துக்கொள்ளாதே, தாளம் நொண்டுகிறது. வரிக்கு வரி கடைசியில் தடியன் ஒரு தட்டு கூடுதலாகப் போடுகிறான். பஞ்சர் ஒட்டுகிற நினைப்பிலேயே அடிக்கிறானா? இங்கே யாரும் இப்படிப் பாடுவதில்லை. சீக்கிரம் சரிசெய்யுங்கள்.

என் காது பத்திரமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்.

அக்கா

ஏப்ரல் 15

அக்கா,

நீ சொன்னபடியே அந்தத் தட்டை எடுத்துவிட்டுச் சந்தைத் திடலில் பாடினோம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். "என்னடா, வாத்தியார் திட்டிட்டாரா? பழையபடி அடிங்கடா!" என்று ஒரு லாரிக்காரர் கத்தினார்.

தடியன் முகம் தொங்கிப்போயிற்று. "அத நான் வேணும்னு போடலடா. பாட்டுல நீ 'பஸ்ஸு போயிருச்சே'ன்னு இழுக்கற. நீ முடிக்கட்டும்னு ஒரு தட்டு காத்திருந்தேன், அவ்வளவுதான்" என்கிறான். உண்மைதான். உன் பழைய கேசட்டில் பாடுகிறார்களே, அவர்கள் சொல் வெட்டென்று நிற்கிறது, நம் தமிழ்ச் சொல் இழுபடுகிறது. அவர்கள் மொழியிலேயே பாடினால் தாளம் சரியாக உட்காருகிறது, ஆனால் கேட்பவர்களுக்கு ஒரு வரியும் விளங்குவதில்லை.

எது தப்பு என்றே எனக்குப் பிடிபடவில்லை. நாங்கள் பாடுவது ராப்தானா? நீயே சொல்லிவிடு.

குழம்பிக் கிடக்கும் தம்பி

மே 6

அன்புத் தம்பிக்கு,

என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. என்னோடு வேலை செய்கிறவள் இந்தப் பாட்டுகள் முளைத்த தெருவிலேயே வளர்ந்தவள். அவளுக்கு உன் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். ஈரத் துணியைக் கீழே வைத்துவிட்டுத் தோளை அசைத்து அசைத்துக் கேட்டாள்.

"இது எந்த ஊர்ப் பாட்டு?" என்றாள்.

"உங்க பாட்டுதான். எங்ககிட்ட வந்துச்சு."

"எங்களுது இப்படி இருக்காதே. இது உங்களுது."

சந்தோஷப்படுவதா சங்கடப்படுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அன்றிலிருந்து கேசட்டை ஓடவிட்டுக் கூடவே என் பகுதியைப் பாடிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் நான் முடித்துவிடுகிறேன், நீங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஒரு தட்டு நேரம் காத்திருக்க எனக்கு வரமாட்டேன் என்கிறது. நானே தொடங்கிய குழு, எனக்கே உள்ளே நுழைய வழி தெரியவில்லை. அழுகை வருகிறது. ஆனால் உங்கள் மேல் கோபம் இல்லை, அதுதான் எனக்கே புரியவில்லை.

அந்தத் தட்டு இருக்கட்டும். சுவரொட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. ஜூனில் கட்டாயம் வருவேன், கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே நிற்பேன். நீ மேடையேறும் முன் என்னை ஒருதடவை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்துவிடு: நான் எந்த இடத்தில் கை தட்ட வேண்டும்?

அக்கா