தொண்ணூற்றிரண்டு வாங்கிய பெண்

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானும் குழந்தைகளும் சுகமா? உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் போடக் கை வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஆராய்ச்சி எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நான் பாடம் நடத்தும் நர்சிங் மாணவிகளின் தன்னம்பிக்கையை அளக்கத் தயாரித்த வினாப்பட்டியல் உனக்குத் தெரியும். ‘நெருக்கடியிலும் என்னால் நிதானமாக இருக்க முடியும்’ என்பது போல இருபத்து நான்கு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ என்றால் பூஜ்யம், முழுக்க ‘ஆம்’ என்றால் நான்கு மதிப்பெண். அது சரியாக அளக்கிறதா என்று சோதிப்பதுதான் என் நான்கு வருட வேலை. மூன்று வாரம் கழித்து மறுபடி கொடுத்தாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண் வந்தால், அது நம்பகத்தன்மை. அந்த மதிப்பெண் மனத்தில் இருப்பதை நிஜமாகவே காட்டினால், ஏற்புடைமை. முதலாவது பிரமாதமாக வந்தது. என் ஆராய்ச்சி கைடுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் சுற்றில் ஒரு நாற்காலி காலி. தொண்ணூற்றாறுக்குத் தொண்ணூற்றிரண்டு வாங்கிய இறுதியாண்டுப் பெண். அன்று காலை விடுதியில் மாத்திரைகளை விழுங்கிவிட்டாள் என்று வார்டன் வந்து சொன்னார்.

பிழைத்துவிட்டாள். ஐந்தாம் நாள் பார்க்கப் போனேன். ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. அவளாகவே, “மன்னிச்சுடுங்க மிஸ், உங்க பேப்பர்ல பொய் எழுதிட்டேன். மார்க் கம்மியானா வார்டு டியூட்டி தரமாட்டாங்கன்னு சீனியர்ஸ் சொன்னாங்க” என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், அக்கா.

கைடிடம் சொன்னேன். “ஒரு தாள்தானேம்மா, அதை எடுத்துட்டுக் கணக்குப் போடு” என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி, இருநூறு பேருக்கும் மறுபடி கொடுத்தேன். சராசரி எழுபத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்றுக்கு விழுந்தது. முன்பு இரண்டு தடவையும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் நம்பகத்தன்மை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒருத்தி மட்டும் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டு, ஓரத்தில் பென்சிலால், ‘இதையாவது படிப்பீங்களா?’ என்று எழுதியிருக்கிறாள். யாரென்று கண்டுபிடிக்க வழியில்லை. பெயர் வேண்டாம் என்று சொன்னவளே நான்தான். வகுப்பு வகுப்பாகப் போய், யாராயிருந்தாலும் என் அறைக்கு வாருங்கள், படித்துவிட்டேன் என்று சொன்னேன். ஒன்பது நாளாகக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தியும் வரவில்லை. வராந்தாவில் யாராவது ஓடினாலே எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

இதையெல்லாம் சேர்த்தால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கைடு மறுத்துவிட்டார். போகட்டும். பாடம் நடத்தும்போது முன்வரிசை முகங்களைப் பார்க்க முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. நேற்று என் வினாப்பட்டியலை நானே நிரப்பினேன். கூட்டிப் பார்க்கவில்லை.

போனில் நீ கேட்கும்போதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன் என்கிறேன். அதை நம்பாதே, அக்கா. லீவு கிடைக்குமா என்று பார். நாலு நாளைக்காவது வந்து என் பக்கத்தில் இரு.

வேறு யாரிடமும் சொல்லத் தெரியாத,
உன் தங்கை