அண்ணாச்சி கொடுத்த மலைப் புத்தகம்

16 ஜனவரி 1962, சிவகாசி

பொங்கலுக்கு வந்த நல்லசிவம் இன்று மதராசுக்கு ரயிலேறிவிட்டான். ஒழிந்தது. என் வீட்டுக்காரரோடு கல்லூரியில் படித்தவன். வருடந்தோறும் வருவான், கையில் ஒரு புத்தகத்தோடு. ஒரு சீப்புப் பழம் கிடையாது. பாய்மரப் படகில் தனியாகக் கடல் தாண்டியவன், பனிமலையில் கால்விரலைப் பறிகொடுத்தவன் — எல்லாம் இப்படிப்பட்ட கதைதான். இவர் அதைப் படித்துவிட்டு ஞாயிறானால் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வில்லிபுத்தூர் மலைக்குக் கிளம்பிவிடுகிறார். மாமனார் காலமானபிறகு பட்டாசுக் கம்பெனியைப் பார்க்க இவர் ஒருவர்தான். அந்தப் புத்தகங்களுக்கு அது தெரியுமா?

5 பிப்ரவரி

நேற்று மலையில் விழுந்துவிட்டார். பாறை வழுக்கிவிட்டதாம். விறகு வெட்டப் போனவர்கள் கம்பில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். விலா எலும்பு முறிந்திருக்கிறது. வலியில் முனகிக்கொண்டே, “உச்சிக்கு இன்னுங் கொஞ்சந்தான் இருந்துச்சு” என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு — வேண்டாம், எழுதக் கூடாது.

6 பிப்ரவரி

மகனுக்காக அத்தை சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

18 பிப்ரவரி

நல்லசிவம் பார்க்க வந்தான். அப்போதும் ஒரு புத்தகம்! கட்டுப் போட்டுக் கிடக்கிற ஆளின் தலைமாட்டில் வைக்கிறான். என்னால் தாங்க முடியவில்லை.

“அண்ணாச்சி, நீங்க ஒரு மலை ஏறுனதுண்டா? மதராசுல காத்தாடிக்குக் கீள உக்காந்துக்கிட்டு அடுத்தவ புருசன ஏத்தி விடுதீக. இவுகளுக்கு ஒண்ணு ஆயிருந்தா கருமாதிக்கும் புத்தகந்தான் கொண்டாருவீகளா?”

அவன் முகம் செத்துப்போயிற்று. புத்தகத்தை எடுத்து என் பக்கம் நீட்டி, “தங்கச்சி, இதுல ஒரு பக்கமாவது படிச்சிருக்கீகளா?” என்றான்.

என்ன திமிர்! விருதுநகரில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் நான். சரி, படித்துவிட்டே திட்டுகிறேன்.

25 பிப்ரவரி

இங்கிலீஷ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிறேன். எழுதியது ஒரு பெண்! வெள்ளைக்காரி. இதை ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை? பனிமலையில் ராத்திரி கூடாரத்தில் காலுறை உறைந்து பலகைபோல் ஆகிவிட்டதாம். அதைத் தட்டி நெளித்து மாட்டிக்கொண்டு மேலே போயிருக்கிறாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். அடுப்பில் சோறு குழைந்துவிட்டது.

9 மார்ச்

முடித்துவிட்டேன். அவன்மேல் கோபம் குறையவில்லை, கூடியிருக்கிறது. இத்தனை வருடமும் இவருக்கே கொடுத்தானே, எனக்கு ஒன்று கொடுக்கலாம் என்று தோன்றியதா?

8 ஏப்ரல்

எலும்பு கூடிவிட்டது. கயிற்றை எடுத்துவிட்டார். “நானும் வாரேன்” என்றேன். சிரித்தார். சிரிப்பா அது?

“பொம்பளைக்கு அங்கன என்ன சோலி?”

“அப்ப பொம்பள எழுதுனத எதுக்குத் தலைமாட்டுல வச்சிருந்தீக?”

“அது வேற. அவ வெள்ளைக்காரி.”

படுத்துக் கிடந்தபோது ஊட்டிவிட்டவள் நான். திருப்பிப் படுக்க வைத்தவள் நான். அதற்கெல்லாம் பொம்பளைக்குச் சோலி இருந்தது, மலையில் இல்லையாம். இத்தனை நாள் யாரோ ஒரு மதராஸ்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்ட வேண்டிய ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

1 ஆகஸ்ட்

நேற்று ஆடி அமாவாசை. மகன் பிழைத்ததற்கு அத்தை நேர்ந்துகொண்டபடி சதுரகிரி மலைக் கோயிலுக்குப் போனோம். சாமி பெயரைச் சொன்னால் பொம்பளைக்கு மலையில் சோலி வந்துவிடுகிறது! பாதி வழியில் அத்தை முடியாமல் ஒரு பாறையில் உட்கார்ந்தார். இவரும் விலாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் மூச்சு வாங்கியது, ஆனாலும் நிற்காமல் ஏறினேன்.

“ஏய், நில்லு! தனியா எங்க போற?”

நான் திரும்புவதற்குள் அத்தை சொன்னார்: “ஏலே, விடுலே. ஒன்னைய அனுப்பிட்டு நாங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடந்தோம்ல? இன்னைக்கு நீ கெட.”

அத்தையா பேசியது?

கூட்டத்தோடு கூட்டமாக ஏறினேன். மேலே அப்படி ஒரு காற்று. வந்த வழியை மேகம் மூடிவிட்டது. அழுகை வந்துவிட்டது, ஏனென்று தெரியவில்லை. பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் பக்தி என்று நினைத்து எனக்குத் திருநீறு பூசிவிட்டார்.

இறங்கி வந்ததும், “எம்புட்டு நேரம்!” என்று இவர் எரிந்து விழுந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

12 ஆகஸ்ட், ஞாயிறு

விடியற்காலையில் இவர் மலைக்குக் கிளம்பினார். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் வந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே, “வில்லிபுத்தூர், ரெண்டு” என்றார்.