காலியாக வந்த கேரியர்

ஐப்பசி 10, வியாழன். விடாத தூறல்.

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். அந்த ஏணி ஒரு ஆளைக் கொண்டு போகாமல் விடாது என்று எத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன். கால் தேய்ந்த மூங்கில் ஏணி, கீழே எண்ணெய்த் தரை. மானேஜர் காதிலும் போட்டேன். கேட் வாட்ச்மேன் பேச்சை யார் கேட்கிறார்கள். வாட்ச்மேன் என்பது பேருக்கு. அந்த மில்லுக்குள் ஒரு ஈ நுழைவதென்றாலும் என்னைக் கேட்டுத்தான்.

தங்கை புருஷன் நடேசன், மில்லில் மிஷின் பழுது பார்க்கிற பிட்டர். செவ்வாய்க்கிழமை மதியம் ஏணியிலிருந்து விழுந்தான். பின்மண்டை. லாரியில் ஆஸ்பத்திரி. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. நேற்று எரித்தாயிற்று. விறகு நனைந்து பிடிக்கவில்லை. மூடி வையுங்கடா என்று அதையும் நான்தான் சொன்னேன்.

இன்று: பால் தெளித்தது. சவரம். குடை ஒழுகுகிறது. இடது செருப்புக்கு வார் தைக்க வேண்டும்.

அஞ்சலை சாப்பிடவில்லை. அழவும் இல்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கைக்குழந்தை. நான் உள்ளே போனதும் ஒரே கேள்வி.

"அண்ணே, அவரு சாப்புட்டாரா?"

"சாப்பிட்டான்மா. கேரியர் காலியாத்தானே வந்துச்சு?"

"நீ பாத்தியா?"

"என் கண்ணால பாத்தேன்."

மறுபடியும் சுவர்.

ஐப்பசி 11, வெள்ளி. மழை வெறித்தது. மில் லயன் வீட்டு வாசல் முழுக்கச் சேறு.

அவள் ஏன் அதையே கேட்கிறாள் என்று எழுதி வைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. என்னைப் பற்றித்தான். "உங்கண்ணன் வாய்க்கு மட்டுந்தான் வேல. சோத்துக்கு எம்வூடா?" என்றிருக்கிறான். "எங்கண்ணனுக்கு இல்லாத சோறு உங்களுக்கும் கெடையாது" என்றிருக்கிறாள் இவள். அதோடு பேச்சு நின்றது. திங்கட்கிழமை கேரியர் இல்லாமல் போய் டீயும் பொறையும் தின்றுவிட்டு வேலை பார்த்தான். செவ்வாய்க்கிழமை இவளே கெளுத்திக் குழம்பு வைத்து, சோறும் போட்டு, அவனிடம் பேசாமல் என் கையில் கொடுத்தாள். "குடுத்துடுண்ணே. நான் குடுத்தேன்னு சொல்லு."

அவன் அதைத் தொட்டானா, கோபத்தோடேயே போனானா. அவளுக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

பிட்டருக்கு மற்றவர்களைப் போலச் சாப்பாட்டு மணி கிடையாது. மிஷின் நின்றால்தான் அவனுக்கு வேலை. ஆகையால் மணிக்கு முன்னாலேயே கேட்டுக்கு வந்தான், வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தான், தின்றான், போனான். இவ்வளவுதான். இதைக் கோர்ட்டில் கேட்டாலும் சொல்வேன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்தவன், முசியே என்று துரைமாரிடமே நின்று பேசினவன், எனக்கென்ன பயம்.

பக்கத்து வீட்டு கதீஜா கஞ்சி கொண்டுவந்தது. அப்படியே இருக்கிறது. ஆடை கட்டிவிட்டது.

ஐப்பசி 12, சனி. வெயில். புழுக்கம்.

போலகத்திலிருந்து நடேசன் வகையறா ஒரு வண்டி ஆள். எல்லோருக்கும் நான்தான் விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. நடேசன் என் கேட் கூண்டுக்குள் வந்து, என் பெஞ்சில் உட்கார்ந்து, அடித் தட்டு வரைக்கும் வழித்துச் சாப்பிட்டான். "மச்சான், உங்க தங்கச்சி கையை யாராலயும் அடிச்சிக்க முடியாது" என்றான். கேட்ட பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். நன்றாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

கதீஜா வாசற்படியில் நின்றுகொண்டு, "நேத்து வேப்ப மரம்னீங்களேண்ணே?"

"தூறல் வந்திச்சு. உள்ள வந்துட்டான்."

"ஓ" என்றது. பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வேணா உக்காந்து சாப்புடட்டும்ணே. இவ வாயில ஒரு வாய் போவணும். புள்ளைக்குப் பாலு வத்திப்போச்சு. ராவெல்லாம் சப்பிப் பாத்துட்டுக் கத்துது. எனக்குச் சொவத்துக்கு அந்தாண்ட கேக்குது."

குழந்தை கத்துவது எனக்கும் கேட்கிறது. கேட்கிறது, அவ்வளவுதான்.

போலகத்துக்காரர்கள் என் சோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஐப்பசி 13, ஞாயிறு. மேகம்.

எண்ணெய் போடுகிற சின்னையன் துக்கம் கேட்க வந்தான். நடேசனுக்கு ஏணி பிடிக்கிற ஆள் இவன்தான். அன்றைக்கு வெற்றிலை வாங்கப் போனவன், திரும்பி வருவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. அதையே சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான். அப்படியே வாயை விட்டான்.

"பசியோட ஏறுனாரும்மா. இத முடிச்சிட்டுத் திங்கிறேன்டான்னாரு."

அஞ்சலை தலையைத் திருப்பினாள். சின்னையனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் விட்டேனா. "எலே, அது காலையில சொன்னது. நீ வெத்தலைக்குப் போனியே, அப்ப எறங்கி வந்து தின்னுட்டுத்தான் மறுபடி ஏறுனான். கேட்டுல இருந்தவன் நானா நீயா?"

சின்னையன் என் முகத்தைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஆமாங்க. நான் வெத்தலைக்குப் போயிருந்தேன். எனக்குத் தெரியாதுங்க."

அவன் போன பிறகு அஞ்சலை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது தேவலை. சாயங்காலம் கதீஜா குழந்தைக்கு ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டியது. குழந்தை கக்கிவிட்டது.

செருப்பு வார் தைத்தாயிற்று.

ஐப்பசி 15, செவ்வாய். காலையில் மழை, பிறகு இல்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி ஒரு வருஷம். பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்களாம். மில்லுக்கு அரை நாள் லீவு. புது ஏணி வந்திருக்கிறது. நல்ல ஏணி, கால் நாலிலும் ரப்பர். கேட்டில் நான்தான் இறக்கி உள்ளே அனுப்பினேன்.

மதியம் வீட்டுக்கு வந்தால் அஞ்சலை அடுப்படியில் இருந்தாள். ஒன்றும் சமைக்கவில்லை. உப்பு ஜாடியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லக்கூடாது."

"நான் என்னைக்குப் பொய் சொன்னேன்?"

"அன்னிக்குக் கொழம்புல உப்பே போடல. வேணும்னேதான். ஒறைக்கட்டும்னு. அத எப்படித் தின்னாரு?"

எனக்கு வாய் தானாக வந்தது. இந்த வாய் என்னை ஒரு நாளும் கைவிட்டதில்லை.

"முதல் வாயிலயே சிரிச்சான். 'கோவம் இன்னும் போவல மச்சான் அவளுக்கு, உப்பு இல்ல'ன்னான். என்கிட்ட உப்பு கேட்டான். இல்லடான்னேன். 'கெடக்கு, சாயங்காலம் வூட்ல போயி வச்சிக்கிறேன் அவள'ன்னுட்டு அத்தனையும் தின்னான். ஒரு பருக்கை வைக்கல."

அவள் முதலில் சிரித்தாள். சத்தமாக. கதீஜா ஓடி வந்தது. பிறகு அந்தச் சிரிப்பே அழுகையாகி, எட்டு நாளாக வராதது மொத்தமும் வந்தது. அடுப்படித் தரையில் புரண்டாள். கதீஜா பிடித்துக்கொண்டது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல்: "கதீஜாக்கா, கஞ்சி இருக்கா?"

இரண்டு கிண்ணம் குடித்தாள். உப்பு அவளே போட்டுக்கொண்டாள்.

ஐப்பசி 17, வியாழன். வானம் வெளுத்திருக்கிறது.

குழந்தை தூங்குகிறது. பால் வருகிறதாம். அஞ்சலை தலை வாரியிருக்கிறாள். காரைக்கால்மேட்டு மீன்காரி வாசலில் நின்றபோது, இப்போது மீன் ஆகாது, பதினாறாம் நாள் காரியம் கழியட்டும் என்றாள். பிறகு என்னிடம், "அப்பறம் படையல்ல கெளுத்தி வச்சிடுவோம்ணே. கடைசியா அதத்தானே ருசிச்சித் தின்னாரு. உப்பு சரியாப் போட்டு வைப்போம்." சரி என்றேன்.

சின்னையன் இப்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டைத் தாண்டுகிறான்.

இதில் ஒன்று மட்டும் நடந்தது இல்லை. நடேசன் கேட்டுக்கு வரவில்லை. வேப்ப மரத்தடிக்கும் வரவில்லை, என் கூண்டுக்கும் வரவில்லை. கேரியர் காலையில் வைத்த பலகையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது, சொன்னவன் போய்விட்டான், நான் பெஞ்சில் உட்கார்ந்தேன், மூடியைத் திறந்தேன், தின்றேன். சோறு, குழம்பு, மீன் எல்லாம். முள்ளை ஓரமாக ஒதுக்கினேன். ஏன் தின்றேன் என்று தெரியவில்லை. பசி இல்லை.

உப்பு இல்லை என்று அவள் சொன்ன பிறகு யோசித்துப் பார்க்கிறேன். அத்தனையும் நான்தான் தின்றேன். உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.